கடைசி பெஞ்சுக்கு ஒரு பாடம்

"இந்தக் கோடு போட்ட பக்கந்தான் கேத்தோடு. தெரியுதா?"

மெர்சி மேடம் டயோடைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார். கேட்டது எதிரில் இருந்த பிள்ளைகளிடம் இல்லை. ஆளே இல்லாத கடைசி பெஞ்சிடம்!

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பதில் கிடைத்த மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொண்டார்.

ரஞ்சனிக்கு முதுகு சில்லிட்டது. தண்டலம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அந்த பெஞ்சில் இருப்பது மின் அலையைத் திரையில் காட்டுகிற ஒரு பழைய ஆசிலாஸ்கோப் பெட்டி மட்டும். ரிப்பேராகி, ஒயர்கூடச் சொருகாமல் கிடக்கிறது. முன்பக்கம் குமிழ் கழன்ற இடத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் மேடம் பாடமே நடத்துவார்.

"இன்னா ரஞ்சனி, உனுக்கு மேட்டரே தெரியாதா?" என்றான் பக்கத்து பெஞ்ச் பிரவீன். "போன வருஷம் அங்க மாடத்தின்னு ஒரு பொண்ணு குந்திகினு இருந்துச்சாம். திருநெல்வேலிப் பக்கம். திடீர்னு வரல. ஒரகடம் ரோட்டுல லாரி அடிச்சு ஸ்பாட்லயே அவுட்டாம். சீனியருங்க சொன்னாங்க."

"அட போடா! சேரப்பணஞ்சேரில சுடுகாட்டத் தாண்டித்தான் நான் டெய்லி பஸ் ஏறவே வரேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. போன வாரம் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்ததை அவளும்தானே கேட்டாள்? "வெளங்கல மேடம்..." வகுப்பே உறைந்துபோனது. மேடம் மட்டும் அவசரமாக இருமிவிட்டு, பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ரஞ்சனிக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிறது. இந்த அம்மா உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பாரா, பேய்க்கு எடுப்பாரா? நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பிரின்சிபால் ராஜாமணியிடம் போய்விட்டாள்.

"மேடத்துக்கு மனசு சரியில்ல சார். வேற ஆளப் போடுங்க."

"மத்தியானம் வந்து பாக்கறேன். நெஜம்னா அந்தம்மாவ இன்னிக்கே அனுப்பிடறேன். அந்தப் பெட்டியையும் எடைக்குப் போட்டுடலாம்."

சாப்பாட்டு நேரம். தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ரஞ்சனி தனியாக லேபுக்குள் நுழைந்தாள். ஃபேன் ஓடவில்லை. கிட்டே போகப் போக, பெட்டிக்குள் யாரோ மூச்சு விடும் சத்தம். தூங்குகிறவர்கள் விடுகிற மாதிரி நீள நீளமாக.

சாமியை வேண்டிக்கொண்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

உள்ளே ஒரு முகம். கண்கள் மூடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்தன.

மத்தியானம் பிரின்சிபால் வந்தார், பின்னால் வகுப்பே வந்தது.

"பேயாவது பிசாசாவது! எங்க அந்தப் பெட்டி?" கையை நீட்டினார்.

"வேணாம் சார்..." குறுக்கே வந்த மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தொடாதீங்க சார்!"

கத்தியது ரஞ்சனி. ஓடி வந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"மேடம் மேல தப்பு இல்ல சார். நெஜமாவே பேய் கீது. நானே பாத்தேன். பெட்டிய யார் எடுக்கறாங்களோ அவங்க வூட்டுக்கே பின்னாடி வந்துடுவேன்னு சொல்லுச்சு."

நீட்டிய கையைப் பிரின்சிபால் பதமாக பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல. இருந்தாலும்... அது பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

வந்ததைவிட வேகமாகப் போனார். பிரவீன் அவருக்கு முன்னாலேயே ஓடியிருந்தான். கூட்டமும் கலைந்தது.

மேடம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். ரஞ்சனி போய்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே மெஷின் இல்லை. சாய்த்து வைத்த செல்போன், வீடியோ கால். திரையில், இருங்காட்டுக்கோட்டை ரூமில், நைட் ஷிஃப்ட் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்திருந்தாள் மாடத்தி. சாப்பாட்டு நேரத்தில் ஓட்டைக்குள் கண் திறந்த அதே முகம்; மேடத்தைக் காட்டிக் கொடுத்துவிடாதே என்று அப்போதே ரஞ்சனியிடம் கெஞ்சியிருந்தது.

"அவ அப்பா படுத்துட்டாரும்மா. வேலைக்குப் போனா. அட்டெண்டன்ஸ் இல்லன்னு பேர எடுத்துட்டாங்க," என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கம்பெனியில டெஸ்டிங் டெக்னீஷியனுக்குப் பரீட்சை வைக்கறாங்களாம். எப்படியாவது படிக்கணும்னு அழுதா. வெளிய தெரிஞ்சா என் வேலையும் போயிடும், அவ படிப்பும் போயிடும். பேய்னே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கோச்சுக்காதிய மேடம்," கெஞ்சியது போன். "கண்ணசந்துட்டேன். அந்த டயோடு பாடத்த விட்டுட்டேன்..."

ரஞ்சனி மூடியை மறுபடி மூடினாள். பெஞ்சில் கிடந்த டயோடை எடுத்து, ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள்.

"இந்தக் கோடு போட்ட பக்கந்தான் கேத்தோடு, அக்கா. தெரியுதா?"