பின்னோக்கியும் ஐந்து கியர்

சைரன் அவர் முகத்துக்கு நேரே அலறியது.

ஆம்புலன்ஸ் வர வழியில்லை. ஒரு பக்கம் பாத்திரக்கடைப் படிகள். மறுபக்கம் திறந்த சாக்கடை. நடுவில் அவருடைய கவச வண்டி.

சுதந்திர தின ஊர்வலம் வேலூர்க் கோட்டை மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நடந்தவர்கள் படிகளில் ஏறி ஒதுங்கிவிட்டார்கள். புகை விடுகிறது என்று அவர் வண்டியைக் கடைசியில் விட்டிருந்தார்கள். பின்னால் முச்சந்தி வரை தெரு காலி.

"மச்சான், ரிவர்ஸ் எடுங்க."

பக்கத்தில் ஏகாம்பரம். தங்கையின் கணவர். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர். கையில் கொடி.

அவர் அசையவில்லை. விரல்கள் மட்டும் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே இருந்தன.

உலகப் போரின்போது வெள்ளைக்காரன் செய்த வேவு வண்டி. அப்பா பர்மாவில் ஓட்டியது இதே ரகம். அப்பா இறந்தபின் தென்னந்தோப்பைக் கொடுத்து இதை வாங்கினார். வீட்டு வாசலில் நிறுத்தி, ஊர் பார்க்கட்டும் என்றார்.

வந்த அன்றே மெக்கானிக் ரபீக் தனியாக ஒரு நெம்புகோலைக் காட்டினார். அதைத் தள்ளினால் முன்னோக்கிப் போகிற ஐந்து கியரும் பின்னோக்கிப் போகும். எதிரியை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பாமலே பறந்து வந்துவிடலாம்.

அவர் அந்த நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

கொட்டகையின் பின்சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தார். வண்டி ஒரு கதவில் நுழைந்து மறுகதவில் வெளியேறும். தெரு சிரித்தது. சிரிக்கட்டும்.

ஞாயிறுதோறும் தானே படுத்து கிரீஸ் அடித்தார். தேய்ந்த பாகங்களுக்கு இங்கிலாந்துக்கு எழுதினார். பச்சை வண்ணத்தில் ஒரு கீறல் இருந்தாலும் உறக்கம் வராது.

ஓட்டுநர் இருக்கை மட்டும் உறுத்தியது. கோணல். இடப்பக்கம் சற்றுத் திரும்பியிருந்தது. நேராக்கச் சொன்னார்.

ரபீக் கைவைக்க மறுத்துவிட்டார். "செய்யும்போதே அப்படித்தான் செஞ்சிருக்கான், சார்."

கோணல் இருக்கையில் முதுகை நேராக வைத்துக்கொள்ளப் பழகினார்.

அப்பா பிறர் முன் சட்டையைக் கழற்றியதில்லை. கத்திரி வெயிலிலும் பனியன். போரைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அப்பா இறந்து, குளிப்பாட்டியபோதுதான் பார்த்தார்கள். வலது தோள்பட்டை எலும்பின் மேல், ஒரு நாணயம் அளவுக்குக் குழிந்த தழும்பு.

முதுகில்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஏகாம்பரம் கேட்டார். "சண்டைக்குப் போனவருக்கு குண்டு முதுகுலயா பாயும்?"

மெல்லத்தான் கேட்டார். பாடை கிளம்புமுன் தெருக்கோடி வரை போய்விட்டது.

பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் அவர் அப்பாவின் பெயரை எடுத்தால், பந்தியில் பேச்சு ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

சைரன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "பெரியவரே, உள்ள உசிரு ஊசலாடுது! பின்னால போங்க!"

படியிலிருந்து ஒரு குரல். "அது பின்னாடி போவாதுப்பா, பரம்பரை வண்டி!"

சிரிப்பு.

ஆம்புலன்ஸின் முன்னிருக்கையில் ஒரு பெண். அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருக்கைக்கு அடியிலிருந்து குறடை எடுத்தார். கம்பி துருவேறியிருந்தது. முறுக்கியதில் விரல் கிழிந்தது. மறுபடி முறுக்கினார். அறுந்தது.

நெம்புகோலைத் தள்ளினார். கியரைத் தேர்ந்து பெடலை மிதித்தார்.

ஏகாம்பரம் பின்பக்கத் தகட்டின் சிறு கதவைத் திறந்துவிட்டார். அதன் வழியேதான் தெருவைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பினார். போதவில்லை. உடம்பையும் திருப்பினார்.

கோணல் இருக்கை இடம் கொடுத்தது. இதற்கென்றே செய்ததுபோல.

இடது தோளுக்கு மேலே தெரு தெரிந்தது.

வண்டி நகர்ந்தது. அடங்கிய உறுமலோடு, பிசிறில்லாமல், பின்னோக்கி. அதன் முகம் மட்டும் எதிரே நின்ற ஆம்புலன்ஸை விட்டுத் திரும்பவேயில்லை.

முதுகில் ஏதோ சுட்டது.

முன்தகட்டில் ஓட்டுநர் பார்ப்பதற்கான திறப்பு. ஒரு கை அகலம். அதன் வழியே கிழக்கு வெயில் உள்ளே பாய்ந்து அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது.

முச்சந்தி வந்தது. ஆம்புலன்ஸ் உரசாத குறையாகக் கடந்தது. சைரன் தேய்ந்து மறைந்தது.

"போயிடுச்சு மச்சான். முன்னால எடுங்க, ஊர்வலம் போயிட்டே இருக்குது."

அவர் முன்னால் திரும்பவில்லை. முறுக்கிய உடம்போடு, பின்பக்கத் துவாரத்தில் கண் வைத்தபடி அப்படியே இருந்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க."

"என் மேல வெயில் எங்க விழுது? தொட்டுக் காட்டுங்க."

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே கொடியை இடக்கைக்கு மாற்றினார். வெள்ளைச் சட்டையில் வெளிச்சம் விழுந்த இடத்தில் விரலை வைத்தார். வலது தோள்பட்டை எலும்பின் மேல்.

சிரிப்பு நின்றது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தொலைவில் பேண்டு வாத்தியம் மைதானத்துக்குள் நுழைந்தது.

ஏகாம்பரம் விரலை எடுக்கவில்லை.