லேமினேட் செய்த காரணங்கள்

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

அவள் தட்டு கழுவுவதை நிறுத்தவில்லை.

இன்னொன்று கூவியது. அரைகுறைக் கூவல்தான். எட்டு வாரம்தானே ஆகிறது.

அது முட்டைக்கோழிக் கொட்டகை. அங்கே சேவலுக்கு வேலையே கிடையாது.

பத்தொன்பது வருடமாகக் குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்கு ஒரே வேலை. அன்று பொரிந்த குஞ்சைப் புரட்டுவாள். ஒரு நொடி பார்ப்பாள். பெட்டை இடப்பக்கத் தட்டு, சேவல் வலப்பக்கத் தட்டு. நூற்றுக்கு ஒன்று தப்பினால் அதிசயம்.

முதலாளிக்கு வாய்த்த புது மாப்பிள்ளை தத்துவத்தில் எம்.ஏ.

“எப்படிம்மா கண்டுபிடிக்கிற?”

“பார்த்தாத் தெரியுமுங்க தம்பி.”

“ஏன்னு சொல்லத் தெரியலைன்னா அது அறிவே இல்லம்மா. குருட்டு அதிர்ஷ்டம்.”

காரணங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவளைத் தட்டு கழுவ அனுப்பினான்.

மொத்தம் பத்துக் காரணம். காலை இரண்டு முறை உதைத்தால் சேவல். மூன்று முறை உதைத்தால் பெட்டை. கொட்டாவி விட்டால் சந்தேகமே வேண்டாம், பெட்டை.

சொல்லச் சொல்ல அவளுக்கே நம்பிக்கை வந்துவிடும் போலிருந்தது.

அவன் அதை ஓர் அட்டையில் எழுதி, லேமினேட் செய்து சுவரில் மாட்டினான். தானே உட்கார்ந்து, உதைகளை எண்ணி எண்ணி, மாமனாரின் கொட்டகைக்கு நாலாயிரம் குஞ்சு பிரித்தான்.

அவள் தட்டு கழுவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தப்பும் அவளுக்குத் தெரிந்தது.

எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

யாரும் கேட்கவில்லை.

இப்போது கொட்டகையே கூவுகிறது. அதற்கும் மேலே மாமனாரின் குரல்.

மாப்பிள்ளை ஓடி வந்தான். கையில் அட்டை இல்லை. அன்று பொரிந்த குஞ்சு ஒன்று இருந்தது.

“அக்கா.”

அக்கா! அவள் நிமிர்ந்தாள்.

“இது என்னன்னு மட்டும் சொல்லுங்க. காரணமெல்லாம் வேண்டாம். நீங்க சொன்னாச் சரிங்க.”

ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அவசரமே படவில்லை. குஞ்சை வாங்கினாள். புரட்டினாள்.

ஒரு நொடி.

“பொட்டைங்க தம்பி.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கும்பிடாத குறையாக வாங்கிப்போய் இடப்பக்கத் தட்டில் வைத்தான்.

அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

இடப்பக்கத் தட்டில் அந்தச் சேவல் கொட்டாவி விட்டது.