தும்மல் விழுந்த கோடு

டனீடின் ஆய்வகத்தில், காலை வெயில் படும் தேநீர் மேசைமேல், இசொபெல் தன் மாநாட்டுச் சுவரொட்டியை விரித்து மூலைக்கொரு கோப்பை வைத்திருக்கிறாள், ஒன்று கூட வேலை செய்யும் நைரியுடையது. சுவரொட்டி சொல்வது இது: நரம்பு நுனி குளுட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அதே நுனியில் இருக்கும் ஏற்பி அதை ருசி பார்த்து, போதும் என்று கொட்டுவதை அடைக்கிறது. ஏற்பியை மருந்தால் மூடினால் கொட்டுவது கூடுகிறது. அதைக் காட்டும் பச்சைக் கோட்டில், அளந்தபோது நைரி தும்மியதால் விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது. சுவரொட்டியில் நைரியின் பெயர்தான் இல்லை. "இது நான் அளந்ததுடி," என்கிறாள் நைரி. "நீதானே டீ குடிக்கிறப்ப எல்லாத்தையும் கொட்டின, படத்தையும் அனுப்பின?" இசொபெல் ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே சொல்கிறாள். "நரம்பு நுனிக்கே போதும்னு தெரியுது, உனக்குத் தெரியலையே!" மேசைக்கு எதிரே இருக்கும் பேராசிரியர் சிரிக்கிறார். ஆவி பறக்கும் தன் கோப்பையை நைரி எடுத்துக்கொள்கிறாள். அந்த மூலை மெல்லச் சுருண்டு, அங்கே அச்சிட்டிருந்த இசொபெலின் பெயரை மூடுகிறது.