பதினெட்டாவது கை

சங்கச் செயலாளர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தார். பேருந்துப் பணிமனையின் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தால், உள்ளே பதினேழு கைகள் உயர்ந்திருந்தன. என்ன ஏது என்று கேட்டால் தாமதமாக வந்ததே பேச்சாகிவிடும். நடந்துகொண்டே தன் கையையும் தூக்கினார்.

வெல்டர் வேலை பார்க்கும் பெண் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தான்.

"என்ன எதிர்க்கட்சி, இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டியா?"

"என்ன விஷயம்னு கேட்டுட்டுத் தூக்குங்கண்ணே."

"பதினேழு பேருக்குத் தெரிஞ்சது போதாதா? இவங்க எல்லாரும் முட்டாளுங்க, நீ ஒருத்திதான் அறிவாளியா?" தீர்மான நோட்டோடு இருந்த பெயின்டர் பக்கம் திரும்பினார். "என்னையும் சேத்துப் பதினெட்டுன்னு எழுதுப்பா."

யாரும் சிரிக்கவில்லை. பெயின்டர் பேனாவைத் திறக்காமலே கேட்டான்.

"நிஜமாவே எழுதவாண்ணே?"

"எழுதிட்டு, சத்தமாப் படி."

பெயின்டர் எழுதினான். பிறகு தலையை நிமிர்த்தாமல் படித்தான். "நம் செயலாளருக்குச் சொந்தமாக ஒரு கருத்து கிடையாது. நாலு பேர் தலையாட்டினால் அவரும் ஆட்டுகிறார். ஆகவே அவரைப் பதவியிலிருந்து நீக்குகிறோம். ஆதரவு, பதினெட்டு."

அவருக்குக் காது மடல் சுட்டது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நீ ஒருத்தியாவது..." என்று வெல்டரைப் பார்த்தார்.

"நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு இவ்வளவு நேரம் நான் ஒருத்திதாண்ணே வாதாடிக்கிட்டிருந்தேன்" என்றவள், அவர் முகத்தைப் பார்க்காமல் மெல்லத் தன் கையைத் தூக்கினாள்.