பிராட்பேண்ட் பள்ளம்

மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்ததும் தசரதன் பாதி அதிகாரியாகிவிட்டான். கழுத்தில் தொங்கிய போலி அடையாள அட்டை மீதியைப் பார்த்துக்கொண்டது.

ஊர் ஊராக பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்த சமயம் அது. அந்தப் பெயரைச் சொல்லி எந்தத் தெருவையும் தோண்டலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

தசரதனுக்கு பிராட்பேண்ட் தேவையில்லை. தெருவுக்கு அடியில் கிடக்கும் பழைய டெலிபோன் கேபிள்தான் தேவை. உள்ளே அத்தனையும் செம்பு. அதை வேலூர் காயலான் கடையில் போட்டுவிட்டு, ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு பிரௌசிங் சென்டர் திறந்து, அப்புறம் யோக்கியனாகவே வாழ்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

அடி அண்ணாமலையில் இந்தத் தெருவை அவன் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே ஒரு வருஷமாக எந்த வீட்டு போனும் வேலை செய்யவில்லை. செத்த போனின் கேபிளை எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

போன வாரமே வந்து வார்டு மெம்பர் பச்சையம்மாளைப் பார்த்து, “வியாழக்கிழமை காலைல வந்து பள்ளம் எடுக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சொன்னபடியே பௌர்ணமிக் கூட்டம் வடிந்த வியாழக்கிழமை காலை, கூட்டாளி மூர்த்தியோடும் கடப்பாரை மண்வெட்டியோடும் வந்து இறங்கினான்.

பச்சையம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய், ஒரு கூடை சுண்ணாம்புப் பொடியோடு வந்தாள்.

“கேபிள் எப்படிப் போவுதுனு எனக்குத் தெரியும் சார்” என்று, மெயின் ரோட்டிலிருந்து தெருக்கோடித் தண்ணீர் டேங்க் வரைக்கும் ஒரே கோடாகப் பொடியைத் தூவிவிட்டாள். “பழைய கேபிள் உங்க வேலைக்கு எடஞ்சலா இருக்குமே?”

“அத எடுத்து ஆபீஸ்ல ஒப்படைச்சிடுவோம்மா” என்றான் தசரதன், முகத்தை மிகவும் பொறுப்பாக வைத்துக்கொண்டு.

மண் பொலபொலவென்று இருந்தது. யாரோ முன்னாலேயே கிளறி வைத்த மாதிரி கடப்பாரை சுலபமாக இறங்கியது. அண்ணாமலையாரே நம் பக்கம் என்று தசரதன் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“இனிமே ரிசல்ட் பாக்க டவுனுக்குப் போவ வேணாமா சார்?” என்று கல்லூரியில் படிக்கும் ஓவியா வந்து கேட்டாள். “வேணவே வேணாம்மா” என்றான். உதவ வந்த இளவட்டங்களைப் பச்சையம்மாள் விரட்டிவிட்டாள். “கவர்மெண்ட் வேலைடா. நீங்க கை வெச்சா தப்பாயிடும்.”

இவ்வளவு அப்பாவி ஜனங்களை ஏமாற்றுகிறோமே என்று தசரதனுக்குக் கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருந்தது.

பாதித் தெரு தாண்டியும் கேபிளைக் காணோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். “இன்னாடா இது, ஒரு இழைகூட இல்ல” என்று மூர்த்தி முனகினான்.

பச்சையம்மாள் மோர் கொண்டுவந்தாள். “கீழ எறங்கிப் போயிருக்கும் சார். இன்னும் ஒரு அடி ஜாஸ்தியா எடுங்க. டேங்க் கிட்ட மிச்ச கேபிளைப் பெரிய சுருளாவே பொதைச்சாங்க, நானே பாத்தேன். ஆங், இந்த இடம் கொஞ்சம் கோணலா இருக்கு பாருங்க.”

சுருள் என்றதும் இருவருக்கும் புது ரத்தம் ஊறியது. கோணலைக்கூட நேராக்கிக்கொண்டு தோண்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பள்ளம் டேங்க் அடியைத் தொட்டது. சுருளும் இல்லை, கேபிளும் இல்லை. அப்போது பார்த்து மெயின் ரோட்டிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டது.

“போலீசுடா” என்றான் மூர்த்தி. ஓடலாம் என்றால் இடுப்பு நிமிரவில்லை.

வந்தது டிராக்டர். நிறைய தண்ணீர் பைப். காலையில் விரட்டப்பட்ட இளவட்டங்கள் அவற்றை இறக்கி வரிசையாகப் பள்ளத்தில் வைத்தார்கள். ஒவ்வொன்றும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

“பைப்பு பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. பள்ளம் எடுக்கத்தான் ஆள் கெடைக்கல” என்றாள் பச்சையம்மாள். “கேபிளைப் போன வருஷமே உங்கள மாதிரி ரெண்டு பேரு, இதே மஞ்சத் தொப்பியோட வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க தம்பி. அதனாலதான் இங்க ஒரு போனும் வேலை செய்யல.”

காலையிலிருந்து சாராக இருந்தவன் தம்பியாகிவிட்டான். தசரதன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “நாங்களும் டூப்புதான்னு எப்பம்மா தெரிஞ்சுது?”

“கேபிள் போட வர்றவங்க சொன்ன நாளுக்கு வந்து நான் பாத்ததே இல்ல தம்பி. நீங்க வியாழக்கிழமைனு சொன்னீங்க, வியாழக்கிழமையே வந்துட்டீங்களே.”