மாற்றிக் கட்டிய சீட்டு

"உரம் கூடக்கூட நெல் எவ்வளவு கூடுதுன்னு பார்க்கணும். அதனால ஒரு வயலுக்கு மூட்டையில வெறும் மண்ணு, ஒண்ணுக்குப் பாதி உரம், ஒண்ணுக்கு முழு உரம்," என்றாள் மதுராந்தகத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்த ஷாரோன்.

காலையில் யாருக்கு எது என்று பூக்கட்டிப் பார்த்ததில் துர்காதேவிக்கு வெறும் மண் வந்தது. பக்கத்து வயல் ஆராயிக்கு முழு உரம்.

"வருசத்துக்கும் சோறு இந்த நெல்லுதான்க்கா. இன்னா பண்ணுவேன்?" துர்கா ஆராயியிடம் புலம்பினாள்.

மூட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன; கட்டியிருந்த பெயர்ச்சீட்டு மட்டும்தான் வேறு. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது துர்கா தன் சீட்டையும் ஆராயியின் சீட்டையும் மாற்றிக் கட்டினாள்.

அன்று முதல் ஆராயி சிரித்தாலே அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறுவடையில் ஆராயிக்குக் களம் நிறைந்தது. துர்காவுக்கு அதில் பாதிகூட இல்லை. சாமி பார்த்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது ஆராயி ஓடிவந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலடி. நீ பொலம்பினதுல மனசு தாங்காம, அன்னிக்குக் காலையிலியே நம்ம சீட்ட மாத்திக் கட்டிட்டேன். உனக்குத்தான வெளைஞ்சிருக்கணும்? என் நெல்லுல பாதிய நீ எடுத்துக்கோ."

ஆராயி இரக்கத்தில் மாற்றியதைத்தான் துர்கா பயத்தில் திருப்பி மாற்றியிருந்தாள்.

"அக்கா, நானும்..." என்றாள். மிச்சத்தைச் சொல்வதற்குத்தான், இத்தனை நாள் பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது.