லேபிள் இல்லாத டப்பா

சமையலறை ஜன்னல் வழியே வரும் காலை வெயில், அலமாரியில் இருக்கும் பழுப்பு நிற மாத்திரை டப்பாவின் மேல் விழுகிறது. தனக்கு விந்தணு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும், இந்த வீட்டு மாப்பிள்ளையான மெக்கானிக் வாங்கிய மூலிகை மாத்திரை அது. மாமனார் மாமியாரோடு ஒரே வீடு என்பதால், லேபிளை வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறான். மிஞ்சிய பசையில் மாவுத் தூசி ஒட்டியிருக்கிறது. இப்போது மாமனார் அந்த டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் இரண்டைத் தட்டிக்கொள்கிறார்.

"எனக்காக நீங்க வாங்கி வச்ச முட்டிவலி மாத்திரை பிரமாதம் மாப்பிள்ளை. ஒரு மாசமா போடுறேன், மாடிப்படி ஏறுறதே தெரியல." விழுங்கிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெளியே போகிறார். மெக்கானிக்கின் கையில் காபி டம்ளர் பாதி வழியில் நிற்கிறது. பீன்ஸ் நறுக்கும் மாமியார் தலை நிமிராமல் சொல்கிறாள்: "முட்டிக்கு மட்டும்தானான்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க மாப்பிள்ளை."

அடுப்பைப் பார்த்து நிற்கும் மனைவியின் தோள்கள் குலுங்குகின்றன. ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இருவரும் அளந்துதான் பேசிக்கொள்கிறார்கள். அவள் திரும்புகிறாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் நிற்கிறது.

"இனிமே ரெண்டு டப்பாவா வாங்குங்க," என்கிறாள். "லேபிளை உரிக்க வேணாம்."